படித்தது எங்கே போகிறது?

பருவத் தேர்வு நெருங்கும் நாட்களில் கல்லூரி விடுதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். நள்ளிரவு கடந்தும் அறைகளில் விளக்கு எரியும். ஒருவர் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே வாய்விட்டுப் படிப்பார். மற்றொருவர், ஏற்கெனவே சிவப்பு மையால் அடிக்கோடிட்ட வரிகளின் மேல் மஞ்சள் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார். மறுநாள் தேர்வறையில் வினாத்தாளைப் பார்த்ததும், "இந்த விடை இடப்பக்கத்தில் மூன்றாவது பத்தி, அருகில் ஒரு படமும் உண்டு" என்பது வரை நினைவுக்கு வரும். அந்தப் பத்தியில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வராது.

இப்படித் தவிப்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. பத்து நாட்களாக அவர் சரியாகத் தூங்கவில்லை. அந்த நேரமெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பாலோர் இதற்கு ஒரே விடையை வைத்திருக்கிறார்கள்: "எனக்கு ஞாபக சக்தி குறைவு." கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, தம் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைந்த மாணவர் இந்த விடையை மிக எளிதில் நம்பிவிடுகிறார். முதல் பருவத்தில் இரண்டு பாடங்கள் அரியர் விழுந்ததும், "கல்லூரிப் படிப்பு நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்த முடிவு சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றிவிடும்.

நினைவைப் பற்றி ஏறத்தாழ 140 ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் வேறு விடையைத் தருகின்றன. பெரும்பாலும் குறை மூளையில் இல்லை. செலவிட்ட நேரம் போதாமல் போனதும் இல்லை. அந்த நேரத்தை எங்கே வைத்தார், எப்படிச் செலவிட்டார் என்பதில்தான் பிழை இருக்கிறது.

மறதியை அளந்தவர்

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மான் எபிங்ஹாஸ் (1850–1909) நினைவை அளந்து பார்க்கலாம் என்று துணிந்த முன்னோடி. அவருக்கு முன் தத்துவ அறிஞர்கள் நினைவைப் பற்றி நிறையவே பேசியிருந்தார்கள். ஆனால், சோதனை முறையில் அளக்க முனையவில்லை. எபிங்ஹாஸ் சோதனைக்கு வேறு ஆட்களைத் தேடவில்லை. தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்.

ஏற்கெனவே அறிந்த சொற்களை மனப்பாடம் செய்தால் பழைய அறிவு உதவிக்கு வந்து அளவைக் கெடுத்துவிடும். ஆகவே மெய், உயிர், மெய் என்ற அமைப்பில், நம் மொழியில் சொல்வதானால் "ழெப்", "நூச்" என்பன போலப் பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 தயாரித்துக்கொண்டார். அவற்றிலிருந்து பட்டியல்கள் அமைத்து, தட்டிக்கொண்டே இருக்கும் ஒரு கருவியின் தாளத்திற்கு ஏற்ப ஒரே சீரான வேகத்தில் படித்தார். ஒரு பட்டியலைப் பிழையின்றிச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொண்டார். சில நிமிடங்களோ நாட்களோ கழித்து அதே பட்டியலை மீண்டும் கற்றார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்பதே அவருடைய அளவுகோல். முதல் முறை 1,000 விநாடி, இரண்டாம் முறை 660 விநாடி என்றால் மிச்சம் 34 விழுக்காடு.

1885-இல் வெளியிட்ட நூலில் அவர் தந்த எண்கள் இன்றும் உளவியல் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. கற்ற 20 நிமிடத்திற்குள் மிச்சம் 58 விழுக்காடாக இறங்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் 44; ஒரு நாளில் 34; ஆறு நாட்களில் 25; ஒரு மாதத்தில் 21. இந்த எண்களின் போக்கைக் கவனியுங்கள். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. ஆனால், முதல் நாளிலிருந்து முப்பத்தொன்றாம் நாள் வரை போவது மிகச் சிறிய பங்கே. ஓட்டைக் குடத்தில் நீர் முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் இறங்குவதைப் போன்றது மறதி.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். "படித்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் மறந்துவிடும்" என்று இந்த எண்ணைக் கொண்டு மாணவரைப் பயமுறுத்துவோர் உண்டு. எபிங்ஹாஸ் அளந்தது மறுபடி கற்பதில் மிச்சமாகும் நேரத்தை. அதுவும் பொருளே இல்லாத அசைகளை வைத்து. பொருள் உள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறைவதில்லை. ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதைப் பகுதிகளையும் அவர் மனப்பாடம் செய்து பார்த்தார். அதே நீளமுள்ள பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கவிதைக்குப் போதுமானதாக இருந்தது. புரியாமல் உருப்போடும் மாணவர், பாடநூலைத் தாமே பொருளற்ற அசைகளின் பட்டியலாக மாற்றிக்கொள்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

68-ம் 38-ம்

அதே நூலில் இன்னொரு முடிவும் உண்டு. மாணவர்களுக்கு மறதியின் வளைகோட்டைவிட இதுவே பயன்படும். ஆனால், இதற்கு அந்த அளவு புகழ் கிடைக்கவில்லை. 12 அசைகள் கொண்ட ஒரு பட்டியலை ஒரே நாளில் 68 முறை படித்தால், மறுநாள் அதை மீண்டும் கற்பது எவ்வளவு எளிதாகிறதோ அதே அளவு எளிமை, மூன்று நாட்களில் பிரித்து மொத்தம் 38 முறை படித்தாலே கிடைத்துவிட்டது. ஏறத்தாழப் பாதி உழைப்பில் அதே பலன்.

அசைகளுக்குப் பொருந்துவது வாழ்க்கைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பிரிட்டனின் அஞ்சல் துறையில் அதற்கு ஒரு விடை கிடைத்தது. கடிதங்களை அஞ்சல் குறியீட்டின்படி பிரிக்கும் இயந்திரங்கள் வந்தபோது, அஞ்சல் ஊழியர்கள் பலர் தட்டச்சுப் பலகையில் பழக வேண்டியதாயிற்று. ஆலன் பாட்லி, லாங்மன் என்ற இரு உளவியலார் ஊழியர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியது. மற்றொன்று நாளுக்கு நான்கு மணி நேரம். 1978-இல் வெளியான முடிவு இது: நான்கு மணி நேரக் குழு 80 மணி நேரத்தில் எட்டிய திறமையை, ஒரு மணி நேரக் குழு 55 மணி நேரத்திலேயே எட்டிவிட்டது.

ஆனால், அந்த ஒரு மணி நேரக் குழுவினரே பயிற்சியில் மிகக் குறைவாக மனநிறைவு கொண்டிருந்தார்கள். நாள் கணக்கில் பார்த்தபோது மற்றவர்கள் தங்களை முந்திச் செல்வதாக அவர்களுக்குத் தோன்றியது! பயன் தரும் வழி, பயன் தருவதாக உணரப்படுவதில்லை. படிப்பைப் பற்றிய ஆய்வுகளில் இந்த முரண்பாடு மீண்டும் மீண்டும் தலைகாட்டும். விடுதி அறையில் ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் படித்தவருக்கு உண்டாகும் பெருமிதம், ஏழு நாட்கள் ஒவ்வொரு மணி நேரம் படித்தவருக்கு உண்டாவதில்லை.

புத்தகத்தை மூடியபின்

இனி, கிடைத்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதைப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு சிறு சோதனை. 2019-இல் வெளிவந்த இளம்பச்சை நிற 20 ரூபாய்த் தாளை நீங்கள் பல நூறு முறை கையாண்டிருப்பீர்கள். சட்டைப் பையில் கை விடாமல் சொல்லுங்கள்: அதன் பின்பக்கத்தில் எந்த இடத்தின் படம் இருக்கிறது?

விடை எல்லோரா குகைகள். தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். தாளைக் கண்டால் தெரிந்துகொள்வீர்கள். காணாமல் சொல்ல முடிவதில்லை. கண்டதும் "இது தெரியும்" என்று அடையாளம் காண்பது ஒரு வேலை. காணாமலே உள்ளிருந்து எடுத்துத் தருவது வேறு வேலை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது முதல் வேலையில்தான் நாம் தேர்ச்சி பெறுகிறோம். ஒவ்வொரு முறையும் வரிகள் முன்பைவிட வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த எளிமையை அறிவு என்று மனம் தவறாக எடுத்துக்கொள்கிறது. தேர்வறையில் கேட்கப்படுவதோ இரண்டாவது வேலை.

அமெரிக்க உளவியலார் ஆர்தர் கேட்ஸ் 1917-இலேயே இதனைப் பள்ளி மாணவர்களிடம் சோதித்தார். எல்லோருக்கும் மொத்த நேரம் ஒன்றே. சிலர் அந்த நேரம் முழுவதும் படித்தார்கள். மற்றவர்கள் ஒரு பகுதியில் படித்து, மீதி நேரத்தில் தாளைப் பார்க்காமல் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்தார்கள். பொருளற்ற அசைகளைப் படிக்க மட்டும் செய்தவர்கள் நான்கு மணி நேரம் கழித்து 15 விழுக்காடு சொன்னார்கள். நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கைச் சொல்லிப் பார்ப்பதில் கழித்தவர்கள் 48 விழுக்காடு சொன்னார்கள். பொருளுள்ள வாழ்க்கைக் குறிப்புகளில் வேறுபாடு சிறியது, 16-ம் 26-ம். இருந்தாலும் இது தேர்ச்சிக்கும் அரியருக்கும் இடையிலுள்ள தூரம்.

இந்தச் செய்தி பாடநூல்களில் தூங்கிக்கிடந்தது. 2006-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களைக் கொண்டு இதனை மீண்டும் ஆராய்ந்தார்கள். சூரியன், கடல் நீர்நாய் என்பன போன்ற பொருள்களைப் பற்றிய சிறு அறிவியல் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நான்கு தவணையும் படிப்பே. இன்னொரு குழு முதல் தவணையில் படித்துவிட்டு, அடுத்த மூன்று தவணைகளில் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் உள்ளதை எழுதியது. முதல் குழுவினர் சராசரியாகக் கட்டுரையை 14 முறை படித்து முடித்திருந்தார்கள். இரண்டாம் குழுவினர் மூன்று முறைக்குச் சற்றே அதிகம்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழு 83 விழுக்காடு, எழுதிப் பார்த்த குழு 71 விழுக்காடு. படித்தவர்களுக்கே வெற்றி. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்த குழு 40-க்கு வீழ்ந்தது. எழுதிப் பார்த்த குழு 61-இல் நின்றது. "ஒரு வாரத்திற்குப் பின் எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, மிகுந்த நம்பிக்கையோடு விடை சொன்னவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்களே. அஞ்சல் ஊழியர்களின் கதை தலைகீழாக இங்கே திரும்புகிறது.

தேர்வுக்கு முதல் நாள் இரவு படித்தே தேர்ச்சி பெற்றவர்கள் இருக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். அந்த 83 விழுக்காடு அவர்களுக்குச் சொந்தம். ஆனால், மூன்றாம் பருவத்தின் பாடம் முதல் பருவத்தின் மேல் எழுப்பப்படுவது. அடித்தளத்தைத் தேர்வறை வாசலிலேயே உதறிவிட்டு வந்தவர் ஒவ்வொரு பருவத்திலும் தரையிலிருந்து தொடங்க நேர்கிறது.

நினைவிலிருந்து எடுப்பது ஏன் இவ்வளவு உதவுகிறது? ஆய்வாளர்களிடையே இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எளிதாகச் சொன்னால், வயலின் குறுக்கே நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை உண்டாவதைப் போல, ஒரு செய்தியைத் தேடி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குச் செல்லும் வழி துலங்குகிறது. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நடக்கவே வேண்டியதில்லை, பாதையும் உண்டாகாது. சிறிது மறந்தபின் தேடுவது கடினம். அந்தக் கடினமே பயன் தருகிறது என்பதால்தான் இடைவெளியும் மீட்டலும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. ஆனால், எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க மறக்கக் கூடாது. தவறான விடையையும் இதே பாதை உறுதிப்படுத்திவிடும்.

2013-இல் டன்லாஸ்கி என்ற உளவியலாரும் அவருடன் பணியாற்றியோரும், மாணவர்கள் பின்பற்றும் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, நாட்களைப் பிரித்துப் படிப்பது என்ற இரண்டே "மிகப் பயனுள்ளவை" என்ற தகுதி பெற்றன. அடிக்கோடிடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசி வரிசையில் நின்றன. மஞ்சள் மைக்கு மாணவர்கள் செலவிடும் காசை நினைத்தால் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

காற்பங்கும் அரைப்பங்கும்

இதெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, மாணவர் பாடம் பயிலும் முறையை விரிவாகவே சொல்கிறது. கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்ப்பது, உடன் கற்பவரோடு சேர்ந்து பயில்வது, வினவுவது, பிறர் வினாவுக்கு விடை கூறுவது ஆகியவற்றை அது மாணவரின் கடமைகளாக வைக்கிறது. அதோடு நிற்காமல் ஒரு கணக்கும் போடுகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரால் இன்னொரு கால் பங்கு. பிறருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்வதால் மீதி அரைப் பங்கு. இந்தப் பங்குகள் சோதனைச் சாலையில் அளந்தவை அல்ல. என்றாலும், பாதிக் கல்வியைச் "சொல்வதில்" வைத்தவர் மாணவரை நன்கு கவனித்தவராகவே இருந்திருக்க வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் பாடத்தை முறை வைத்துச் சொல்லும் வழக்கமும் இதே கருத்தின் செயல்வடிவம் எனலாம்.

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலைக் கையில் எடுத்த மாணவருக்கு இதில் ஒரு தனிப் பயன் உண்டு. ஆங்கில வாக்கியத்தை அப்படியே உருப்போடுவது அவருக்கு எளிதாகத் தோன்றும். புரிந்ததா இல்லையா என்பது தேர்வறை வரை தெரியாது. அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "எண்ட்ரோப்பி என்றால் என்ன? வெந்நீர் ஆறும்போது அது என்ன ஆகிறது?" என்று தமக்குத் தாமே கேட்டு, முதலில் வீட்டுத் தமிழில் ஒரு தோழருக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்க்கட்டும். எங்கே திக்குகிறாரோ அங்கேதான் புரியவில்லை. திக்கல் நீங்கியபின் அதே கருத்தை ஆங்கிலத்தில் மூன்று வரியில் எழுதட்டும். இரண்டு வேலை போலத் தோன்றும். ஆனால், கருத்து, மொழி என்ற இரண்டு தடைகளை ஒரே நேரத்தில் தாண்ட முயன்று இரண்டிலும் இடறுவதைவிட இது குறுகிய வழி.

கணக்குப் பாடங்களுக்கு ஒரு குறிப்பு. ஒரே வகைக் கணக்கை வரிசையாக இருபது போட்டுப் பழகுவதே வழக்கம். ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணும் கணக்குகளைச் சிலருக்கு வகைவாரியாகவும், சிலருக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 விழுக்காடு, கலப்புக் குழு 60 விழுக்காடு சரியாகச் செய்தது. ஒரு வாரம் கழித்து வகைவாரிக் குழு 20. கலப்புக் குழு 63. காரணம் எளிது. தேர்வில் எந்தக் கணக்கின் தலையிலும் "இதற்கு இந்தச் சூத்திரம்" என்று எழுதியிருப்பதில்லை. எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் பழக்கம் கலந்து போடுபவருக்கு மட்டுமே கிடைக்கிறது.

ஒரு பருவத்தின் கணக்கு

இப்போது நேரத்துக்கு வருவோம். ஒரு பருவத்தில் ஐந்து தாள்கள், தாளுக்கு ஐந்து அலகுகள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 25 அலகுகள். ஓர் அலகை முதன்முறை ஊன்றிப் படிக்க 3 மணி நேரம். பின்னர் நான்கு முறை, முறைக்கு அரை மணி நேரம், புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்துத் திருத்த 2 மணி நேரம். ஆக 5 மணி நேரம். 25 அலகுகளுக்கு 125 மணி நேரம். பருவம் 15 வாரம், அதாவது 105 நாட்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மணி 12 நிமிடம்.

இதே 125 மணி நேரத்தைத் தேர்வுக்கு முந்தைய பத்து நாட்களில் அடைக்க முயன்றால், நாளுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகிறது. விடுதி விளக்குகள் ஏன் அணைவதில்லை என்பது இப்போது தெரிகிறதல்லவா? செய்முறைப் பதிவேடும் கணக்குப் பயிற்சியும் தனி. அவற்றுக்கு இன்னும் ஓர் அரை மணி நேரம் சேர்த்தாலும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. மாலையில் கடையிலோ வயலிலோ வேலை செய்துகொண்டே படிக்கும் மாணவருக்கும் இது எட்டக்கூடிய அளவே.

எழுதிப் பார்க்கும் அந்த நான்கு முறைகளை எப்போது வைப்பது? முதலாவது, பாடம் நடந்த அன்றே. மறதி வேகமாக இறங்குவது அப்போதுதான். இரண்டாவது, இரண்டு மூன்று நாட்களில். அடுத்த இரண்டுக்கும் இடைவெளி நீளலாம். செபீடா என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1,300-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனை 35 நாட்களுக்குப் பின் என்றால் ஏறத்தாழ 11 நாள் இடைவெளியும், 70 நாட்களுக்குப் பின் என்றால் ஏறத்தாழ 21 நாள் இடைவெளியும் நல்ல பலன் தந்தன. தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பொருள். நாட்களைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டியதில்லை. நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அலகின் பெயரையும் ஐந்தாறு வினாக்களையும் எழுதி, அடுத்து எடுக்க வேண்டிய தேதியை மூலையில் குறித்து வைத்தால் போதும். இத்தகைய அட்டைகளைப் பெட்டியில் அறைகள் பிரித்து, சரியாக விடை சொன்னதை அடுத்த அறைக்கும் தவறியதை முதல் அறைக்கும் மாற்றும் முறையை செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1972-இல் வெளியிட்ட நூலில் பரப்பினார். இன்று கைப்பேசியில் கிடைக்கும் நினைவட்டைச் செயலிகள் பலவும் இதே கருத்தின் வழிவந்தவையே. கைப்பேசியை அதற்காகத் திறந்து வேறு எதையும் பார்க்காமல் மூடும் உறுதி உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கு நாட்காட்டித் தாளே உத்தமம்.

மீட்டிப் பார்ப்பதற்கு மேசையும் விளக்கும் வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே காலையில் கேட்ட பாடத்தின் தலைப்புகளை வரிசையாக நினைத்துப் பார்க்கலாம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயணம் செய்யும் மாணவர் அந்த நேரத்தை வீண் என்று எண்ண வேண்டியதில்லை.

கால அட்டவணை போடுவோர் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. காலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை கட்டம் கட்டமாக நிரப்பிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். மூன்றாம் நாள் உறவினர் வீட்டுத் திருமணம் வரும், அட்டவணை சரியும், நான்காம் நாள் அதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கும். இது ஒருவர் இருவருடைய பலவீனம் அன்று. கனடாவில் 37 மாணவர்களிடம், அவர்களுடைய பட்ட ஆய்வேடு எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார்கள். சராசரி விடை 34 நாட்கள். "எல்லாமே கெட்டுப்போனால்?" என்று கேட்டதற்கு 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் ஆனது 56 நாட்கள். 1994-இல் வெளியான இந்த ஆய்வு, நாம் திட்டமிடும்போது தடையே வராத ஒரு நாளைக் கற்பனை செய்துகொள்கிறோம் என்று காட்டுகிறது. ஆகவே சென்ற பருவத்தில் ஓர் அலகுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையே அளவாகக் கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். சரிந்ததெல்லாம் அந்த நாளில் வந்து சேரும்.

எட்டே நாட்கள் இருந்தால்

நீங்கள் இதைப் படிக்கும்போது தேர்வுக்கு எட்டே நாட்கள் மிச்சம் இருக்கலாம். மேலே சொன்ன 105 நாள் கணக்கு அப்போது எரிச்சலையே தரும். அந்த நிலையிலும் இதே கொள்கை சிறிய அளவில் உதவும். முதல் நாளே பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துப் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எந்த அலகு முற்றிலும் இருட்டு, எது பாதி வெளிச்சம் என்பது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஒரு தாளுக்கு இரண்டு நாள் என்று மொத்தமாக ஒதுக்காமல், ஒரே நாளில் இரண்டு தாள்களை மாற்றி மாற்றி எடுத்து, ஒவ்வோர் அலகும் எட்டு நாளில் மூன்று முறையாவது கண்ணில் படும்படி செய்யுங்கள். எல்லா அலகுகளையும் ஒருமுறை புரட்டுவதைவிட, முக்கியமான சிலவற்றை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது மேல்.

முதல் நாள் இரவு விழித்திருப்பதா, தூங்குவதா என்ற கேள்வி கடைசியில் வரும். 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், இரண்டு மாணவர்களை இரவும் பகலும் சோதித்தார்கள். பத்து அசைகளைக் கற்றபின் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தபோது அவர்களால் சராசரியாக ஐந்துக்கு மேல் சொல்ல முடிந்தது. அதே எட்டு மணி நேரம் விழித்திருந்து வேறு வேலைகளில் ஈடுபட்ட நாட்களில் ஒன்றைத்தான் சொல்ல முடிந்தது. சோதிக்கப்பட்டவர்கள் இருவரே என்றாலும், தூக்கத்தில் நினைவு பாதுகாக்கப்படுகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் உறுதி செய்துள்ளன. மூளை அந்த நேரத்தில் சும்மா இருப்பதில்லை. பகலில் கற்றதை அது உறக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறது என்பதற்கு நரம்பியலாரிடம் இன்று சான்றுகள் உள்ளன. இரவு பத்து மணிக்கு ஒருமுறை, புத்தகத்தைத் திறக்காமல், அலகுகளின் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிடலாம்.